கைத்தொழில் வலயங்கள்: ஏக்கர் கணக்கு மட்டும் போதாது

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வடக்கு மாகாணத்தின் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்களை அமைப்பது பற்றிய செய்திகள் கடந்த சில காலமாகத் தங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவருகின்றன. எத்தனை ஏக்கர் காணி ஒதுக்கப்படும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், எந்த நாட்டு முதலீட்டாளர்கள் வந்து பார்த்துச் சென்றார்கள் என்ற விவரங்கள் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. காணியும் வரிச்சலுகையும் எந்த நிபந்தனையின் பேரில் கொடுக்கப்படும், அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் யார் எப்போது எதைத் திருப்பி வாங்குவார்கள் என்பதைத்தான் நான் தேடிப் பார்க்கிறேன். அதைப் பற்றிப் பேசுவோர் அரிதாகவே இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரியொன்றின் இயந்திரப் பிரிவில் நெடுங்காலம் போதனாசிரியராக இருந்தவன் என்ற முறையில் இவ்விடயம் குறித்துச் சற்று விரிவாக எழுத இடந்தருமாறு வேண்டுகிறேன்.

வடக்குக்குத் தொழிற்சாலை புதிதன்று. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை, நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்த சீநோர் என்று ஒரு பரம்பரையே இவற்றை நம்பி வாழ்ந்தது. யுத்தம் இவற்றை முடக்கியது. சிலவற்றின் இரும்புகூட மிஞ்சவில்லை. இந்த நினைவு நமக்கு இனிக்கிறது என்பதற்காக அவற்றையெல்லாம் அப்படியே மீளத் திறக்க வேண்டும் என்று கோருவதை நான் ஏற்கமாட்டேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் இயங்கிய அரச ஆலைகள் அவை. தம் அடக்கவிலையை ஆண்டுதோறும் இவ்வளவு குறைத்துக் காட்டவேண்டும், இத்தனையாவது ஆண்டில் பாதுகாப்பின்றி நிற்கவேண்டும் என்ற கெடு அவற்றுக்கு விதிக்கப்படவில்லை.

இதே குறை தோட்டத்திலும் இருந்தது. 1970 முதல் 1977 வரையிலான சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டு விவசாயிகள் கையில் காசு புரண்டது, கல்வீடுகள் எழுந்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இறக்குமதியைத் தடுப்பது சரியா, திறந்துவிடுவது சரியா என்ற வாதத்திலேயே நமது கூட்டங்களும் கட்டுரைகளும் நின்றுவிடுகின்றன. தடுத்திருந்த அந்த ஏழாண்டுக் காலத்தில் ஒரு அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) வெங்காயத்தின் உற்பத்திச் செலவு எவ்வளவு குறைந்தது, களஞ்சியப்படுத்தும் முறை எவ்வளவு முன்னேறியது என்று கணக்குக் கேட்டிருந்தால் 1977 இல் விழுந்த அடி இவ்வளவு பலமாக இருந்திராது என்பது என் கருத்து.

தென்கொரியாவின் கதை இந்த இடத்தில்தான் நமக்கு உதவுகிறது. 1960 களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தலா வருமானம் இலங்கையின் தலா வருமானத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதாக இருக்கவில்லை. 1961 இல் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீ வங்கிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்து, ஏற்றுமதி செய்து காட்டிய நிறுவனங்களுக்கு மலிவு வட்டியில் கடன் வழங்கச் செய்தார். உள்நாட்டுச் சந்தையில் அவை இறக்குமதிப் போட்டியிலிருந்து பாதுகாக்கப்பட்டன. ஆனால் அப்பாதுகாப்புக்கு விலையாக, எந்தச் சலுகையும் செல்லுபடியாகாத வெளிநாட்டுச் சந்தையில் தம் பொருளை விற்றுக் காட்டவேண்டியிருந்தது. சனாதிபதியே தலைமை தாங்கிய மாதாந்த ஏற்றுமதிக் கூட்டங்களில் இலக்குக்கும் அடைவுக்கும் இடையிலான வித்தியாசம் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. 1968 இல் தொடங்கப்பட்ட போஸ்கோ உருக்குக் கம்பனிக்கு உலக வங்கி கைகொடுக்க மறுத்தது. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியைப் போட்டுக் கட்டி முடித்து, 1973 இல் போஹாங்கில் உருக்கு வார்த்தார்கள்.

அந்த ஆட்சி தொழிற்சங்கங்களை நசுக்கிய இராணுவ ஆட்சி. 1970 களின் கடைசியில் கனரகக் கைத்தொழிலில் அளவுக்கு மீறிப் பணத்தைக் கொட்டி அது அவதிப்பட்டதும் உண்மை. ஆகவே அதை முன்மாதிரியாகத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. இந்த மண்ணில் இராணுவம் நிர்வாகத்தில் தலையிட்டதன் பலனை நாம் வேண்டிய அளவு அனுபவித்தாயிற்று. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: சலுகை பெற்றவன் பகிரங்கமாகக் கணக்குக் காட்டவேண்டும். கொரியாவில் ஒரு சர்வாதிகாரி கேட்ட கணக்கை இங்கே ஒரு மாகாண சபையோ பத்திரிகையோ கேட்கலாம்.

அடுத்து பங்களாதேஷ். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் நமது நிலைமைக்கு மிக நெருக்கமான உதாரணம் இதுவே. தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் கொரியாவின் டேவூ கம்பனியுடன் 1978 இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 1979 இல் ஏறத்தாழ 130 பேரைத் தென்கொரியாவின் பூசான் நகரிலிருந்த டேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே தையலை மட்டும் பழகிவிட்டுத் திரும்பவில்லை. உற்பத்தி வரிசையை எப்படி அமைப்பது, தரத்தை எந்தெந்த இடத்தில் சோதிப்பது, துணியை எங்கே வாங்குவது, வெளிநாட்டுக் கொள்வனவாளரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர்களில் பெரும்பாலானோர் தேஷை விட்டு வெளியேறித் தாமே ஆலைகளைத் தொடங்கினார்கள் அல்லது தொடங்கியவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தேஷ் முதலாளிக்கு அது பெருத்த நட்டம். பங்களாதேஷுக்கோ பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு கைத்தொழிலின் தொடக்கம்.

இதற்கு அரசு செய்த உதவி பார்வைக்கு மிகச் சிறியது. கொள்வனவாளர் திறந்த நாணயக் கடிதத்தை, அதாவது பொருள் அனுப்பியதும் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தை, பிணையாக வைத்து, துணி வாங்குவதற்கான இன்னொரு நாணயக் கடிதத்தை வங்கியில் திறக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஏற்றுமதிக்கென்று வரும் துணியைத் தீர்வையின்றி இறக்கிச் சுங்கத்தின் கண்காணிப்பில் களஞ்சியப்படுத்தலாம் என்றார்கள். கையில் பெரிய முதல் இல்லாதவனும் தொழிலில் இறங்குவதற்கு இந்த இரண்டு விதிகளும் வழிவிட்டன. கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த வலயங்கள் பல நாடுகளில் செய்ய முடியாமற்போனதை இரண்டு சுற்றறிக்கைகள் செய்தன என்று சொன்னால் அது மிகையாகாது. அதேவேளை கட்டடத்தின் உறுதியைப் பொருட்படுத்தாமல் விட்டதன் விளைவாக 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்போது நமது பக்கத்தைப் பார்ப்போம். யுத்தத்தின் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. குடும்பத் தலைவியாகத் தனித்து நிற்கும் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை அவை கொடுத்தன. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். விடியற்காலையில் கிராமச் சந்திகளில் கம்பனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பால்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆயினும் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தையல் இயந்திரத்திலிருந்து மேற்பார்வையாளராகவும், அங்கிருந்து உற்பத்தித் திட்டமிடலுக்கும், வடிவமைப்புக்கும், கொள்வனவாளருடன் பேசும் இடத்துக்கும் உயர்ந்தார்கள்? எத்தனை பேர் வெளியே வந்து இருபது இயந்திரங்களோடு ஒரு சிறிய ஆலையை வைத்தார்கள்? இந்தக் கேள்விகளைக் காணி கொடுத்த நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதி, ஆண்டுதோறும் விடை கேட்டிருக்க வேண்டும். சம்பளம் மாதம் முடிந்தால் செலவாகிவிடும். தொழிலறிவு கம்பனி போனாலும் ஊரில் நிற்கும்.

கம்பனி போகாது என்று எவரும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு எத்தியோப்பியா சாட்சி. 2016 இல் மிகுந்த ஆரவாரத்தோடு அங்கே திறக்கப்பட்ட ஹவாசா கைத்தொழில் பூங்கா, அமெரிக்கச் சந்தைக்குத் தீர்வையின்றிப் போகும் சலுகையை நம்பி எழுந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்தச் சலுகையை நிறுத்தியது. பேர்பெற்ற நிறுவனமொன்று அதற்கு முன்னரே வெளியேறிவிட்டது. இலங்கைக்கும் இந்த அனுபவம் உண்டு. ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகை 2010 இல் பறிபோய் 2017 இல்தான் திரும்பிவந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருள்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்து, பேச்சுவார்த்தைகளுக்குப் பின் ஓகஸ்டில் 20 சதவீதத்தில் நிறுத்தியபோது, 1978 இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியதிலிருந்து ஆடையையே பெரிதும் நம்பியிருந்த ஒரு நாடு எவ்வளவு பதறியது என்பதைக் கண்டோம். இன்னுமொரு வலயத்தில் இன்னுமொரு ஆடை ஆலையை வைப்பதனால் இந்தப் பதற்றம் குறையப்போவதில்லை.

ஆலை போனபின்னும் தொழிலறிவு நிற்கும் என்பதற்கு நமக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நோக்கியா கைத்தொலைபேசி ஆலை 2014 இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். ஆனால் அதே வளாகத்தைப் பின்னர் வேறொரு நிறுவனம் வாங்கியது; கைத்தொலைபேசி உற்பத்தி அந்த வட்டாரத்துக்கே திரும்பவும் வந்தது. 1971 இல் உருவான சிப்காட் என்ற மாநில அரசின் கைத்தொழில் மேம்பாட்டு அமைப்பு காணி, வீதி, நீர், மின் என்பவற்றை ஒழுங்குபண்ணி வைத்திருந்ததும், பொறியியல், பொலிரெக்னிக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் வெளிவந்துகொண்டிருந்ததும் அதற்குக் காரணங்களாகும்.

தமிழ்நாட்டிடமிருந்து நாம் கற்க வேண்டிய கசப்பான பாடமும் ஒன்று உண்டு. திருப்பூரின் சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததையும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 இல் அப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும் அறிந்தவர்கள், குடாநாட்டில் அப்படியொன்று நடந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். திருப்பூருக்குக் கெடுவதற்காவது ஓர் ஆறு இருந்தது. நமக்கு வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே கிணறாகி, குடிநீராகி, தோட்டத்து நீராகிறது. அந்தக் கல் மேலிருந்து விழுவது எதையும் வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் இலங்கை உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பானதை வலிகாமத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதனால்தான் காங்கேசன்துறையில் மீண்டும் சுண்ணக்கல் அகழ்ந்து சீமெந்து செய்யலாம் என்று எவராவது வாய் திறந்தால் நான் எதிர்ப்பேன். பழைய அகழிகளே போதும். கடலோரத்தில் கல்லைத் தோண்டத் தோண்ட உவர்நீர் உள்ளே வரும். காங்கேசன்துறைக்கு அதன் துறைமுகம்தான் பலம். அதன் புனரமைப்புக்கு இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை அறிவித்திருக்கிறது. நாகபட்டினத்துக்குக் கப்பல் போய்வருகிறது. பொதிசெய்தல், குளிரூட்டிய களஞ்சியம், படகுத் திருத்தம் போன்ற, நீரை அதிகம் குடிக்காத தொழில்களே அந்த இடத்துக்குப் பொருந்தும்.

உள்ளூர் உற்பத்தி என்று நாம் பெருமைப்படும் பொருளொன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள கடையொன்றில் நெல்லி ரசப் போத்தல் வாங்கினேன். நெல்லிக்காயும் உழைப்பும் நம்முடையவை. கண்ணாடிப் போத்தல் தெற்கிலிருந்து வருகிறது. மூடி தெற்கிலிருந்து வருகிறது. பளபளப்பான சிட்டை கொழும்பில் அச்சானது. சீனி கப்பலில் வந்தது. அதைக் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்ப வேண்டுமாயின் ஆய்வுகூடச் சான்றிதழுக்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை சரக்கை அறைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு உற்பத்தியாளர் காத்திருக்கிறார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதையில் போத்தல் வெறுமையாக வடக்கே வந்து, நிரம்பித் தெற்கே போவதற்கான லொறிக் கூலியையும் அவரே கட்டுகிறார். இந்த மனிதருக்கு வரி விடுமுறை கொடுத்து என்ன பயன்? வரி கட்டுமளவுக்கு அவரிடம் இலாபம் மிஞ்சினாலல்லவா? அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமும், பத்துப் பேர் சேர்ந்து ஒரே தடவையில் போத்தல் இறக்கும் ஏற்பாடும், வங்கி முகாமையாளர் கேட்கும் காணி உறுதிக்குப் பதிலாகக் கொள்வனவுக் கட்டளையைப் பிணையாக ஏற்கும் ஒரு விதியும்தான். பங்களாதேஷின் நாணயக் கடித விதியை நான் விரித்துச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

அடுத்தது நமது கடைசல் பட்டறைகள். புத்தூரிலிருந்து ஒரு தோட்டக்காரர் தேய்ந்துபோன நீரிறைக்கும் இயந்திரத் தண்டைக் கொண்டுவருகிறார். பட்டறைக்காரர் அளவுகோலால் நாலு இடத்தில் அளந்துவிட்டு, மூலையில் கிடக்கும் பழைய லொறி அச்சொன்றை இழுத்து வெட்டி, லேத்தில் ஏற்றி, மதியத்துக்குள் புதிய தண்டைக் கொடுத்துவிடுகிறார். அது மாதக் கணக்கில் ஓடும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது நாலு துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த பரம்பரையின் கைவண்ணம் அது. ஆனால் என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்லி வந்தது, ஒன்றைத் திருத்துவது வேறு, ஒரே அளவில் நூறு செய்வது வேறு என்பதே. அந்த லொறி அச்சு எந்த வகை உருக்கு என்று பட்டறைக்காரருக்குத் தெரியாது. தண்டின் கடினத்தன்மையை அளந்து பார்க்க அவரிடம் வழியில்லை. வரைபடம் வைத்து வேலை செய்யும் வழக்கமும் குறைவு. ஆகவே ஒரு பெரிய தொழிற்சாலை வந்து மாதம் ஐந்நூறு தண்டு கேட்டால் அவரால் அந்தக் கட்டளையை ஏற்க முடியாது. தொழிற்சாலை கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ வாங்கிக்கொள்ளும். வலயத்தின் மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிட, மதிலுக்கு வெளியே உள்ள இந்தப் பட்டறைக்கு அங்கிருந்து ஒரு கட்டளையாவது வருகிறதா என்பதைத்தான் கைத்தொழில் கொள்கையின் வெற்றிக்கு அளவுகோலாக நான் கொள்வேன்.

மலேசியாவின் பினாங்கு இந்த இடைவெளியை நிரப்பிய விதம் கவனிக்கத்தக்கது. 1972 இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டு இன்டெல் முதலான நிறுவனங்கள் வந்தன. முதற் பத்தாண்டு அங்கும் வெறும் பொருத்து வேலைதான். 1989 இல் மாநில அரசு, கம்பனிகள், பல்கலைக்கழகம் ஆகியன கூடிப் பினாங்கு திறன் அபிவிருத்தி நிலையத்தை அமைத்தன. எந்தத் திறன் குறைவாக இருக்கிறது என்று கம்பனிகளே சொல்லி, இயந்திரங்களையும் ஆசிரியர்களையும் அவையே பங்களித்தன. இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மாவட்டந்தோறும் இருக்கின்றன. பாடத்திட்டம் கொழும்பிலிருந்து வருகிறது. இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகத்துக்கு விலைமனுக் கோரி ஆண்டு முடிந்துவிடும். வலயத்துக்கு வரும் கம்பனி ஒவ்வொன்றும் இத்தனை பயிலுநர்களை இத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், அவர்களில் இத்தனை வீதத்தினர் பராமரிப்புக்கும் திட்டமிடலுக்கும் பயிற்றப்பட வேண்டும் என்பது காணிக் குத்தகையின் ஒரு பிரிவாகவே இருக்கலாம்.

புலம்பெயர்ந்த நம்மவரின் முதலீடு பற்றியும் அடிக்கடி பேசப்படுகிறது. இதுவரை வந்த பணத்தில் பெரும்பங்கு திருமண மண்டபங்களிலும் விடுதிகளிலும் காணி விலையிலும் போய்ச் சேர்ந்திருப்பதைக் காண்கிறோம். பணத்தின் சொந்தக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் ஆபத்துக் குறைந்த இடத்தில் போடுகிறார். தாய்வான் 1980 இல் சிஞ்சு அறிவியல் பூங்காவைத் திறந்தபோது அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த தன் பொறியியலாளர்களைக் குறிவைத்து அழைத்தது. அவர்களுக்கு வீடும் பிள்ளைகளுக்கு இருமொழிப் பாடசாலையும் பூங்காவுக்குள்ளேயே அமைத்துக் கொடுத்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டிலும் உற்பத்திப் பொறியியலிலும் முப்பது வருடம் பழுத்த நம் ஆட்களில் பத்துப் பேர் ஆண்டுக்கு மூன்று மாதம் வந்து நின்றால், அது பத்துக் கோடி ரூபாய்க் காசோலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இவற்றையெல்லாம் யார் கண்காணிப்பது என்ற கேள்வி எழும். 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் தேர்தல் நடத்தப்படாததால், மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு சபை இல்லாமலே பெரிய காணி முடிவுகள் எடுக்கப்படுகின்றன. தேர்தல் வரும்வரை குறைந்தபட்சம் ஒவ்வொரு குத்தகையின் நிபந்தனைகளும், ஒவ்வோர் ஆண்டின் அடைவும், எடுக்கப்பட்ட நீரின் அளவும் மாவட்டச் செயலகங்களில் தமிழில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். சலுகைக் காலம் ஐந்தோ ஏழோ ஆண்டென்று முதலிலேயே எழுதி, நீடிப்பதாயின் அதற்கான காரணத்தையும் அங்கேயே ஒட்ட வேண்டும். இதனால் முதலீட்டாளர் பயந்து ஓடிவிடுவார் என்று சொல்லும் அதிகாரிகளும் உளர். நிபந்தனையைக் கண்டு ஓடுகிறவர் சலுகை முடிந்த அன்று எப்படியும் ஓடத்தான் போகிறார்.

இதைப் பரீட்சித்துப் பார்க்கப் பரந்தனே பொருத்தமான இடம். உப்பளங்கள் சூழ்ந்த இத்தீவு, 2025 இன் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச கம்பனி இன்றும் இருக்கிறது. குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான குளோரினை அது வெளிநாட்டிலிருந்து தருவித்து விநியோகிக்கிறது. ஒரு தொன் கோஸ்ரிக் சோடா செய்ய ஏறக்குறைய ஒன்றரைத் தொன் உப்பும் 2,000 அலகுக்கு மேற்பட்ட மின்சாரமும் தேவை, கூடவே 0.9 தொன் அளவில் குளோரின் வெளிவரும். ஒன்றை விற்று மற்றதைத் தேக்கிவைக்க முடியாது என்பதால் இரண்டுக்கும் சந்தை இருந்தாக வேண்டும். பழைய பாதரச முறைக்கு, பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின் பின் இடமில்லை. பாதரசத்துக்குப் பதிலாக மெல்லிய சவ்வைப் பயன்படுத்தும் மென்சவ்வு முறைக்கோ கல்சியமும் மக்னீசியமும் நீக்கிய மிகத் தூய உப்புநீர் வேண்டும். எனவே ஆனையிறவில் உப்பைக் கழுவித் தரப்படுத்தும் வசதி முதலில் வரவேண்டும். அங்கு நாட்கூலிக்கு நிற்கும் தொழிலாளருக்கு நிரந்தர நியமனமும் அந்தத் தரப்படுத்தலில் பயிற்சியும் கிடைக்க வேண்டும். மின்சாரத்தின் விலை தீர்மானிக்கப்படாமல் காணியை அளப்பதில் பொருளில்லை. இந்தத் தொழிலில் இலாபமும் நட்டமும் மின் பட்டியலில்தான் இருக்கின்றன. அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நீர் வழங்கல் சபை முதலாம் ஆண்டில் இறக்குமதி விலைக்கு மேல் ஒரு குறித்த வீதம் கூடுதலாகக் கொடுத்துப் பரந்தன் குளோரினை வாங்குவதென்றும், அந்தக் கூடுதல் ஆண்டுதோறும் குறைந்து ஏழாம் ஆண்டில் முற்றாக இல்லாமற்போகும் என்றும் இப்போதே ஓர் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதாகும். அத்தகைய ஒப்பந்தமொன்று தயாரிக்கப்படுகிறதா, தயாரிக்கப்படுமாயின் கையொப்பமிடுவதற்கு முன்னர் அதன் வரைவைக் கிளிநொச்சி மாவட்டச் செயலகத்தில் பொதுமக்கள் பார்வையிட முடியுமா என்பதைக் கைத்தொழில் அமைச்சோ முதலீட்டுச் சபையோ தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்குமென எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் போதனாசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.